பக்கத்து வீட்டில் ஜெபமாலை

கேள்வி: தூத்துக்குடிப் பக்கம் பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. வயது 43. 11 ஆண்டுகளுக்கு முன், மாதா வணக்கத்தையும் ஜெபமாலையையும் ஏற்காத ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன். திருமணமும் அங்கேதான் நடந்தது. இப்போது மனம் பழைய கோவிலையே தேடுகிறது. என்னைச் சேர்த்துக்கொள்வார்களா? மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா? வீட்டில் யாருக்கும் சொல்லாமல் வேளாங்கண்ணிக்குப் போய், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாம் என்று இருக்கிறேன். மனைவியை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? அம்மா எங்களோடுதான் இருக்கிறார். அவரால் பிரச்சினை இல்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் போய் ஜெபமாலை சொல்லிவிட்டு வந்துவிடுவார்.
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: ஞானஸ்நானம் ஒருமுறைதான். குழந்தையில் பெற்றது அப்படியே இருக்கிறது. நடுவில் எடுத்த முழுக்கு அதை அழிக்காது, மறுபடி கொடுக்கவும் மாட்டார்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு வேளாங்கண்ணிதான் என்றில்லை. எந்த ஊர்ச் சாமியாரும் கேட்பார், கேட்டதை வெளியே சொல்ல மாட்டார்.

சரி, அம்மாவுக்கு வருவோம். ஜெபமாலையின் 53 மணி ஜெபமும் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்துக்கு மகன் வீட்டில் அவருக்கு இடமில்லை. ஒரு தாய் மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு தினமும் அடுத்த வீட்டுப் படி ஏறுகிறார் என்றால், அங்கே நாற்காலி வசதியாக இருக்கிறது என்றா அர்த்தம்? அக்டோபர் ஜெபமாலை மாதம். சென்னையில் மழை பிடித்துக்கொள்ளும் மாதமும் அதுதான். அப்போது குடையோடு போகிறாரா? அந்த வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டால் என்ன செய்கிறார்? இது ஒன்றுமே உங்கள் கடிதத்தில் இல்லை. ‘பிரச்சினை இல்லை’ என்று மட்டும் இருக்கிறது.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. கோவில் சேர்த்துக்கொள்ளுமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கோவில் சேர்த்துக்கொள்ளும், அதற்கென்ன? பைபிள் கதையில் ஊதாரி மகன் திரும்பி வந்து, கடவுளுக்கும் உமக்கும் எதிராகப் பாவம் செய்தேன் என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறான். நீங்களோ கடவுளிடம் மட்டும், அதுவும் தெரிந்தவர்கள் இல்லாத ஊரில், கணக்கை முடித்துவிடப் பார்க்கிறீர்கள். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதைவிட முன்பின் தெரியாத சாமியாரிடம் கேட்பது சுலபம்தான். இத்தனை வருஷம் அவர் யாருக்காக அந்த மணிகளை உருட்டினார் என்று நினைக்கிறீர்கள்? வேளாங்கண்ணிக்கு டிக்கெட் எடுக்கும் முன் அவரை உட்காரவைத்துப் பேசுங்கள். நாளை சாயங்காலமே உங்கள் ஹாலில் ஜெபமாலை நடக்கட்டும். பக்கத்து வீட்டுக்கும் போய் ஒரு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். நீங்கள் செய்திருக்க வேண்டியதை அவர்கள் செய்திருக்கிறார்கள்.

அப்புறம் மனைவி. ‘வழிக்குக் கொண்டுவருவது’ என்ற பேச்சே வேண்டாம். நீங்கள் மாறினால் வீடே மாறியாக வேண்டும் என்பது உங்கள் பழைய வியாதி. அன்றைக்கு அம்மா, இன்றைக்கு இவர். அந்தச் சபைக்காரர் என்று நம்பித்தான் அவர் உங்களைக் கைபிடித்தார். விசுவாசத்தை மாற்றிக்கொண்டது நீங்கள், அவரல்ல.

ஆனால் அவரிடம் மறைக்கவும் முடியாது. சபையில் நடந்த உங்கள் திருமணம் கத்தோலிக்கத் திருச்சபையின் கணக்கில் செல்லாது. அதைச் சரிசெய்யும்வரை பூசையில் நற்கருணை அப்பம் வாங்க முடியாது. இது ஒருநாள் பயணத்தில் முடிகிற காரியமில்லை. நீங்கள் குடியிருக்கும் பங்கின், அதாவது உங்கள் பகுதிக் கோவிலின், சாமியாரைப் பாருங்கள். மனைவி தன் சபையிலேயே இருக்கலாம். கோவிலில் மறுபடி சம்மதம் சொல்ல அவருக்கு மனமில்லை என்றால்கூட ஆயர் வழியாகச் சரிசெய்ய முறை இருக்கிறது. பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க முடிந்ததையெல்லாம் செய்வேன் என்று உங்களிடம் வாக்குக் கேட்பார்கள். அப்படி ஒரு வாக்குக் கொடுக்கிறீர்கள் என்பது மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது திருச்சபைச் சட்டம். சாமியார் சொல்லித்தான் அவருக்குத் தெரியவந்தது என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.