குப்பை மேடு பக்கத்து கிணறு: கொதிக்க வச்சா சரியாகாது

மழைக்கப்புறம் கிணத்து தண்ணி மஞ்சளாகி நாறுது, கொதிக்க வச்சு குழந்தைக்கு பால் கலக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. கூடாது. கொதிச்சா கிருமி தான் சாகும், நைட்ரேட்டும் உப்பும் அப்படியே இருக்கும், தண்ணி ஆவியாகிறதால இன்னும் கொஞ்சம் செறிவாகத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனத்தோட நைட்ரேட் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம், அதை தாண்டினா கைக்குழந்தை ரத்தம் ஆக்சிஜனை சுமக்குறதே குறையலாம், அதனால இன்னைக்கே வேற தண்ணிக்கு மாறிடுங்க.

மழையோட தான் மாறுதுன்னா சிட்டி குப்பை மேட்டுல இருந்து ஊறி இறங்குற கசிவு நீர் மேல தான் எனக்கு சந்தேகம். (குப்பை போடுறவங்க ஓட்டு அங்க, நாத்தம் இங்க, கேள்வி கேக்கவும் ஆளில்ல.)

செஞ்சு பாக்க வேண்டியது:

1. குப்பை மேட்டுக்கு உயரமான பக்கம் ஒரு கிணறு, தாழ்வான பக்கம் ஒண்ணு, அப்புறம் உங்களோடது, மூணுலயும் ஒரே நாள்ல சாம்பிள் எடுங்க. குளோரைடு, அம்மோனியா, நைட்ரேட் மூணும் கேளுங்க.

2. லேப் ஆளையே வந்து எடுக்க சொல்லுங்க, நீங்களே பாட்டில்ல பிடிச்சு குடுத்தா பின்னாடி புகார் குடுக்கும்போது அதிகாரிங்க அதை ஒத்துக்க மாட்டாங்க.

ஒரு விஷயம் கவனிங்க, நைட்ரேட் மட்டும் ஏறி குளோரைடும் அம்மோனியாவும் சாதாரணமா இருந்தா காரணம் குப்பை மேடா இல்லாம வயல் உரமா இருக்கலாம், பக்கத்துல செப்டிக் டேங்க் இருந்தா அதையும் பாருங்க. அது தெரியாம புகார் எழுதினா முதல் பதில்லயே மடக்கிடுவாங்க.