வாய்தா வாங்கியது யார்?

வணக்கம் சார்,

ஜனநாயகத்தில் கடைசி வார்த்தை நாடாளுமன்றத்தினுடையதாக இருக்க வேண்டும், பொதுவாக்கெடுப்பு ஆபத்தான குறுக்குவழி என்று சமீபத்தில் ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. நான் பல வருடங்களாக இங்கிலாந்தின் லெஸ்டரில் வசிக்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட்தான். காமன்வெல்த் குடிமக்களுக்கு இங்கே ஓட்டு உண்டு என்பதால், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்ற 2016 பொதுவாக்கெடுப்பில் ஓட்டுப் போட்டேன். வெளியேறலாம் என்றுதான் போட்டேன்.

1 கோடியே 74 லட்சம் பேர் அப்படிச் சொன்னோம். ஊர் கூடித் தீர்ப்புச் சொன்ன பிறகு, அதை நிறைவேற்ற வேண்டிய 650 பேர் மூன்றரை வருடம் வாய்தா வாங்கினார்கள். ஒப்பந்தத்தோடு போவதும் வேண்டாம், ஒப்பந்தம் இல்லாமல் போவதும் வேண்டாம், தேர்தலும் வேண்டாம். சபாநாயகர் 1604ஆம் வருடத்து வழக்கம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். கடைசியில் 2019 டிசம்பரில் மக்களிடம் போனதும் ஒரே நாளில் முடிச்சு அவிழ்ந்தது. அப்படியென்றால் தடையாக இருந்தது நாடாளுமன்றம்தானே? மக்களைவிட 650 பேர் பெரியவர்களா?

அன்புடன்,
லெஸ்டர் வாசகர் (பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

வாய்தா வாங்கினார்கள் என்பது சரி. வாங்கியவர்கள் யார் என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம்.

2019 மார்ச் 29ஐ எடுத்துக்கொள்வோம். முதலில் குறித்த கெடுப்படி பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்திருக்க வேண்டிய நாள். அன்று அப்போதைய பிரதமர் தெரசா மே தன் விலகல் ஒப்பந்தத்தை மூன்றாவது முறையாக நாடாளுமன்றத்தின் கீழ்சபையான காமன்ஸ் சபையில் ஓட்டுக்கு விட்டார். ஆதரவு 286, எதிர்ப்பு 344. எதிர்த்தவர்களில் 34 பேர் அவருடைய சொந்தக் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்கள். அந்த 34 பேரில் ஆறு பேர்தான் ஐரோப்பாவோடு இருக்க விரும்பியவர்கள். மற்ற 28 பேரும் பிரெக்ஸிட்டுக்காகவே, அதாவது இந்த வெளியேற்றத்துக்காகவே, அரசியல் செய்தவர்கள். பத்திரிகைகள் அவர்களுக்கு 'ஸ்பார்ட்டன்கள்' என்று பட்டம் கொடுத்தன, அவர்களும் அதைச் சந்தோஷமாகச் சூடிக்கொண்டார்கள். மேயின் ஆட்சியை வெளியிலிருந்து தாங்கிக்கொண்டிருந்த வட அயர்லாந்தின் டியூபி கட்சிக்குப் பத்து உறுப்பினர்கள். வெளியேற வேண்டும் என்று பிரசாரம் செய்த கட்சி. அந்தப் பத்துப் பேரும் எதிர்த்தார்கள்.

இந்த 38 பேரும் இந்தப் பக்கம் வந்திருந்தால் 324க்கு 306 என்று ஒப்பந்தம் நிறைவேறியிருக்கும். மே மாதம் 22ஆம் தேதி நீங்கள் வெளியே வந்திருப்பீர்கள். லேபர் கட்சியும் எதிர்த்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எதிர்க்கட்சி அரசின் மசோதாவுக்கு எதிராக ஓட்டுப் போடுவது எந்த ஊரிலும் செய்தி ஆகாது. பின்னால் பிரதமரான போரிஸ் ஜான்சனே முதல் இரண்டு முறையும் எதிர்த்தவர்தான், மூன்றாவது முறைதான் மனம் மாறினார்.

மக்கள் தீர்ப்பை நாடாளுமன்றம் மதிக்கவே இல்லை என்பதும் சரியில்லை. அந்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் 2016இல் 'இருந்துவிடலாம்' என்ற பக்கம் நின்றவர்கள். அப்படியும் 2017 பிப்ரவரியில், விலகல் அறிவிப்புக் கொடுக்க அரசுக்கு அதிகாரம் தரும் மசோதா வந்தபோது, 498க்கு 114 என்று தலையாட்டினார்கள். அந்த மசோதாவைக்கூட சபைக்குக் கொண்டுவராமல் தானே அறிவிப்புக் கொடுத்துவிடலாம் என்றுதான் அரசு நினைத்தது. உச்ச நீதிமன்றம் 8க்கு 3 என்று தடுத்த பிறகுதான் கொண்டுவந்தார்கள்.

அப்புறம் ஏன் சிக்கல்? 2017 ஜனவரியில் மே சில கோடுகளைக் கிழித்தார். சரக்கும் ஆளும் தடையின்றிப் போய்வரும் ஐரோப்பாவின் ஒற்றைச் சந்தையில் இருக்க மாட்டோம், தங்களுக்குள் சுங்கம் இல்லாமல் வெளியாருக்கு ஒரே சுங்கம் விதிக்கும் சுங்க ஒன்றியத்தில் இருக்க மாட்டோம். அதோடு வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவில் பழையபடி சோதனைச் சாவடி வராது. அந்த எல்லை ஏறக்குறைய 500 கிலோமீட்டர். இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் சாலைகள் அதைக் கடக்கின்றன. முப்பது வருடம் நீண்டு 3,500க்கும் அதிகமானவர்களைக் கொன்ற கலவரம் 1998இன் பெல்ஃபாஸ்ட் உடன்படிக்கையில்தான் அடங்கியது. அதற்குப் பிறகு அந்த எல்லையில் ராணுவக் கோபுரமோ சாவடியோ இல்லாமல் ஆனது சாதாரண விஷயமில்லை. இரண்டு பக்கமும் வேறு வேறு சுங்க விதி என்றால் எங்காவது ஓரிடத்தில் லாரியை நிறுத்திப் பார்க்கத்தான் வேண்டும். நிலத்தில் நிறுத்தக் கூடாது என்றால் கடலில் நிறுத்த வேண்டும், அதாவது வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்ற பகுதிக்கும் நடுவில். அதற்கும் மே சம்மதிக்கவில்லை, எந்தப் பிரிட்டிஷ் பிரதமரும் சம்மதிக்க முடியாது என்றார். கடைசியில் அவர் கொண்டுவந்த 'பேக்ஸ்டாப்', வேறு வழி கிடைக்கும்வரை நாடு முழுவதும் ஐரோப்பாவின் சுங்க வட்டத்துக்குள் இருக்கட்டும் என்றது. அந்தப் பிரிவுதான் 28 பேருக்கும் டியூபிக்கும் தொண்டையில் சிக்கியது.

இந்த முடிச்சை சபை போடவில்லை. போட்டது, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத வாக்குறுதிகளை ஒரே மூச்சில் கொடுத்த அரசு. சபை செய்தது, அவை ஒத்துப்போகவில்லை என்று மூன்று தடவை எண்ணிக் காட்டியது மட்டும்தான்.

உங்கள் கடிதத்தில் 2016க்கு அடுத்து நேராக 2019 வருகிறது. நடுவில் 2017 ஜூன் 8 ஒன்று உண்டு. பிரெக்ஸிட் பேச்சுக்குப் பலம் வேண்டும், பெரும்பான்மையைக் கூட்டிக் கொடுங்கள் என்று மே மக்களிடமே போனார். மக்கள் இருந்ததையும் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்கள். டியூபியின் தயவில் ஆட்சி நடத்த வேண்டி வந்தது அப்படித்தான். 2019இல் நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்துக் கோபப்பட்டது அந்த மக்கள் அனுப்பிவைத்த சபையை. 52க்கு 48 என்று பிளந்த நாடு அதே மாதிரி பிளந்த ஒரு சபையை அனுப்பியதில் எனக்கு வியப்பில்லை.

நம்மூர்க்காரர்களுக்குப் புரியாத ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரி 15 அன்று மேயின் ஒப்பந்தம் முதல் தடவை 432க்கு 202 என்று தோற்றது. 230 ஓட்டு வித்தியாசம். நவீன காலத்தில் எந்தப் பிரிட்டிஷ் அரசும் அப்படித் தோற்றதில்லை. சொந்தக் கட்சியில் 118 பேர் எதிர்த்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் உறுப்பினர் பதவி போகவில்லை. நம்முடைய கட்சித் தாவல் தடைச் சட்டம் அங்கே இருந்திருந்தால், கொறடா உத்தரவை மீறிய அத்தனை பேரின் உறுப்பினர் பதவியும் ஆபத்தில் இருந்திருக்கும். பயந்து 118 பேரும் ஆதரித்திருந்தால் கணக்கு 320க்கு 314. முதல் நாளே மே ஜெயித்திருப்பார். அதைப் பார்த்து எனக்குப் பொறாமை வரவில்லை. 1985க்குப் பிறகு நம் மக்களவையில், நினைத்தபடி ஓட்டுப் போட முடியாத உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சபாநாயகர் விஷயம். 1604ஆம் வருடத்து வழக்கம் என்றால் கேலியாகத்தான் தோன்றும். ஆனால் அது சொல்வது எளிய விஷயம்: ஒரு கூட்டத்தொடரில் சபை ஒருமுறை முடிவுசெய்த கேள்வியையே மறுபடி மறுபடி கொண்டுவந்து களைக்க வைக்கக் கூடாது. ஜான் பெர்கோ மார்ச் 18இல் அதைச் சொன்னது விதிப்படி சரி. அவர்மேல் குறை சொல்ல வேண்டுமென்றால் ஜனவரி 9ஐச் சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். திருத்தமே கொண்டுவர முடியாது என்று எல்லோரும் நினைத்திருந்த அரசுத் தீர்மானத்துக்கு அன்று திருத்தத்தை அனுமதித்தார். நடுவர் ஆட்டத்துக்குள் இறங்கினாரோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை.

நாடாளுமன்றத்தின்மேல் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு, அதன் தேதி ஏப்ரல் 1. அரசின் கையிலிருந்து நிகழ்ச்சி நிரலைப் பிடுங்கி, எந்த வழிக்குத்தான் இங்கே பெரும்பான்மை இருக்கிறது என்று சபை தானே ஓட்டுப் போட்டுப் பார்த்தது. மார்ச் 27இல் எட்டு வழிகள். எட்டும் தோற்றன. ஏப்ரல் 1இல் நான்கு. அவையும் தோற்றன. நிரந்தரச் சுங்க ஒன்றியம் வேண்டும் என்ற கென் கிளார்க்கின் தீர்மானம் 273க்கு 276, மூன்றே ஓட்டில் போனது. இரண்டாவது பொதுவாக்கெடுப்பு கேட்டவர்களில் ஒரு பகுதியினர் அதற்குக் கைகொடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் தாங்கள் நினைத்ததே கிடைக்கும் என்ற நம்பிக்கை. அன்றிரவு நிக் போல்ஸ் என்ற கன்சர்வேட்டிவ் உறுப்பினர், தன் கட்சி சமரசத்துக்கு வர மறுக்கிறது என்று சபையிலேயே எழுந்து சொல்லிவிட்டு, கட்சியை விட்டே விலகி வெளியே நடந்தார். ஸ்பார்ட்டன்களுக்குக் கடைசியில் அவர்கள் கேட்ட கடினமான பிரெக்ஸிட் கிடைத்தது. மென்மையான வழியை உதறியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 'வேண்டாம்' என்று சொல்லப் பெரும்பான்மை எப்போதும் இருந்த சபையில் 'இது வேண்டும்' என்று சொல்ல மூன்று ஓட்டு குறைந்தது. உங்கள் கடிதத்தில் நியாயம் இருக்கிறது என்றால் இந்த இடத்தில்தான்.

'தேர்தலும் வேண்டாம் என்றார்கள்' என்பதில் பாதி உண்மை. ஜான்சன் மூன்று முறை தேர்தல் கேட்டார், முன்கூட்டியே தேர்தல் நடத்த 2011ஆம் வருடச் சட்டம் கேட்ட மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்கவில்லை. முதல் இரண்டு தடவையும், சபையைக் கலைத்துவிட்டு, அதற்குள் நீட்டிக்கப்பட்டிருந்த அக்டோபர் 31 கெடுவை ஒப்பந்தமே இல்லாமல் கடந்துவிடுவாரோ என்ற பயம் இருந்தது. தோற்றுவிடுவோம் என்ற பயமும் லேபருக்கு இருந்திருக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் பயத்துக்குக் காரணம் கொடுத்தவர் ஜான்சன்தான். வழக்கமாகச் சில நாட்களே நீடிக்கும் கூட்டத்தொடர் இடைவெளியை ஐந்து வாரத்துக்கு இழுத்தார். செப்டம்பர் 24இல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமித்து அது செல்லாது என்றார்கள். ஒத்திவைப்புக்காகச் சபைக்குள் கொண்டுவந்தது வெற்றுத் தாளுக்குச் சமம் என்று தீர்ப்பில் எழுதினார்கள். தன்னை எதிர்த்து ஓட்டுப் போட்ட 21 பேரைக் கட்சியிலிருந்தும் ஜான்சன் நீக்கியிருந்தார். அதில் ஒருவர் சர்ச்சிலின் பேரன்.

டிசம்பரில் முடிச்சு ஒரே நாளில் அவிழ்ந்தது என்கிறீர்கள். அக்டோபர் 22ஐ மறந்துவிட்டீர்கள். அன்று இதே சபை ஜான்சனின் விலகல் மசோதாவுக்கு 329க்கு 299 என்று கொள்கை அளவில் சம்மதம் சொன்னது. மூன்று நாளில் முடித்துவிட வேண்டும் என்ற கால அட்டவணையை மட்டும் 322க்கு 308 என்று மறுத்தது. இன்னும் சில வாரம் உட்கார்ந்து படித்திருக்கலாம். ஜான்சன் மசோதாவை அப்படியே நிறுத்திவிட்டுத் தேர்தலுக்குப் போனார். 43.6 சதவீத ஓட்டு, 365 இடங்கள். இரண்டாவது வாக்கெடுப்பு கேட்ட கட்சிகள் எல்லாம் சேர்ந்து வாங்கிய ஓட்டு பாதிக்குச் சற்று மேலே, ஆனால் அது சிதறிக் கிடந்தது. மக்களின் மனம் மாறியதைவிட, அதிக ஓட்டு வாங்கியவருக்கே தொகுதி என்ற தேர்தல் முறை செய்த வேலை அதில் அதிகம். சட்டப்படி அது செல்லும், அதை நான் மறுக்கவில்லை.

இழுபறி போன பிறகு சபை எப்படி நடந்தது? 2020 டிசம்பர் 24இல் ஐரோப்பாவோடு வர்த்தக ஒப்பந்தம் முடிந்தது. ஆயிரத்து இருநூறு பக்கத்துக்கும் மேல். டிசம்பர் 30, ஒரே நாளில், இரு சபைகளும் அதற்கான சட்டத்தை நிறைவேற்றிவிட்டன. படித்தவர் யார் என்று கேட்காதீர்கள். அதற்கு முன்பே, அந்த மூன்று நாள் மசோதாவின் வாரிசு வழியாக, எல்லை அயர்லாந்துக் கடலுக்குப் போய்விட்டது. மே முடியவே முடியாது என்றதும், ஜான்சன் 2018இல் டியூபி மாநாட்டுக்கே போய் ஒருக்காலும் ஏற்க மாட்டோம் என்றதும் அதையேதான். விளைவு, 2022 பிப்ரவரியில் டியூபி வட அயர்லாந்து அமைச்சரவையிலிருந்து வெளியேறியது. இரண்டு வருடம் அந்த மாகாணத்தில் ஆட்சியே இல்லை.

கடைசிக் கேள்வி, மக்களைவிட 650 பேர் பெரியவர்களா. இல்லை. ஆனால் 2016இல் மக்களிடம் பாதிக் கேள்விதான் கேட்டார்கள். வெளியேறுவதா என்று கேட்டார்கள், வெளியேறி நார்வே மாதிரி இருப்பதா, சுவிட்சர்லாந்து மாதிரியா, கனடா மாதிரியா என்று கேட்கவில்லை. நீங்கள் எதை நினைத்து ஓட்டுப் போட்டீர்கள் என்று எனக்குத் தெரியாது, உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வேறொன்றை நினைத்திருக்கலாம். நியூசிலாந்து தன் தேர்தல் முறையை மாற்றியபோது 1992இல் மாற்றலாமா என்றும், மாற்றினால் நான்கில் எது என்றும் சேர்த்தே கேட்டது. அதில் முந்திய முறைக்கான சட்டத்தை எழுதிவைத்துக்கொண்டு, பழையதா புதியதா என்று 1993இல் மறுபடி கேட்டது. புதியது 54 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் வாங்கியது, கிட்டத்தட்ட உங்கள் 52 மாதிரிதான். ஆனால் என்ன செய்வது என்பது சட்டமாகவே எழுதப்பட்டிருந்ததால் 1996 தேர்தல் புதிய முறையில் நடந்தது. 2016இல் பிரதமராக இருந்த கேமரனின் அரசு, வெளியேறு என்று முடிவு வந்தால் என்ன செய்வது என்று திட்டம் தயாரிக்கக்கூட அதிகாரிகளுக்கு உத்தரவிடவில்லை. முடிவு வந்த அன்று காலையிலேயே அவர் ராஜினாமாவை அறிவித்தார்.