'ரியாத்' என்ற ஊர்ப் பெயரைச் சரியாக எப்படி உச்சரிப்பது? அதற்கு என்ன பொருள்?

ரியாத், ரியாட், ரியாஸ், ரியாழ் என்று நாலு விதமாகப் பார்த்துவிட்டு எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழில் எழுதுவதற்கு 'ரியாத்' போதும், அதை மாற்றப் போராட வேண்டியதில்லை. வாயால் சொல்வதுதான் வேறு கதை. அந்த ஊரில் சில வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அரபியில் முழுப்பெயர் 'அல்' சேர்த்தே வரும். ஆனால் அல்ரியாத் என்று யாரும் சொல்வதில்லை, அர்ரியாத் என்பார்கள். அரபி எழுத்துகள் 28இல் பாதியைச் சூரிய எழுத்து என்று பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று 'அல்'லுக்கு அடுத்து வந்தால், அதில் உள்ள ல், அந்த எழுத்தாகவே மாறிவிடும். 'ர' அப்படிப்பட்ட எழுத்து. பலகையில் எழுதும்போது மட்டும் ல் அப்படியே இருக்கும், அதனால் எழுத்துக்கூட்டி அரபி படிக்கிற புதியவர்கள் எல்லாரும் இங்கே ஒருமுறை தடுக்கி விழுவார்கள். ரி குறில், யா நெடில், அழுத்தம் யாவின் மேல். இது வரைக்கும் சுலபம்.

சிக்கல் எல்லாம் கடைசி எழுத்தில்தான். அதன் பெயர் ழாத். அரபிகள் தங்கள் மொழியையே 'ழாத்தின் மொழி' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ரமலான், ரமழான், ரம்ஜான், ரமதான் என்று ஒரே மாதத்துக்கு இத்தனை எழுத்துக்கூட்டல் இருப்பதற்கும் இதே எழுத்துதான் காரணம். செய்தி வாசிப்பவர்கள் இதைக் கனமான 'ட' போலச் சொல்வார்கள். பாரசீகம், உருது வழியாக வந்தால் 'ஸ' மாதிரி ஆகிவிடும், பாகிஸ்தான்காரர் ரியாஸ் என்பது அதனால்தான். தமிழ் முஸ்லிம்களோ பரம்பரையாக ழ, ள, ல என்று பிடித்துக்கொண்டார்கள்: காழி (நீதிபதி), பர்ளு (கட்டாயக் கடமை), ஒளு (தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது). மலையாளத்திலும் றமளான்தான்.

நம்மவர்கள் அரபியைக் கொச்சைப்படுத்திவிட்டார்கள் என்று சிலர் இதைக் கேலி செய்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 8ஆம் நூற்றாண்டில் அரபி இலக்கணத்தை வகுத்த சீபவைஹி, நாக்கின் பக்கவாட்டு ஓரம் கடைவாய்ப் பற்களைத் தொடும் இடத்தில் இந்த ஒலி பிறக்கிறது என்று எழுதியிருக்கிறார். நாக்கின் ஓரம் வழியாகப் பிறக்கும் ஒலி என்றால் அது ல, ள வகைக்குத்தான் உறவு. ஸ்பெயினில் மேயரை 'அல்கால்தே' என்பார்கள், அது 'அல்காழி'யிலிருந்து போனது. அங்கேயும் ஒரு ல் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பாருங்கள். ஆக 'ரியாழ்' என்று எழுதுபவரைத் திருத்தக் கிளம்ப வேண்டாம்.

சரி, ரியாத்காரர்கள் எப்படிச் சொல்கிறார்கள்? ரியாத் இருக்கும் நடு அரேபியாவான நஜ்துப் பகுதிப் பேச்சில் ழாத்தும், லுஹர் என்ற நண்பகல் தொழுகைப் பெயரின் முதல் எழுத்தும் ஒரே ஒலியாகிவிட்டன. 'பாதை' என்று சொல்லிப் பாருங்கள், நடுவில் ஒரு மெல்லிய 'த' வருகிறதல்லவா, நாக்கு பல்லை அழுத்தாமல் காற்று கசியும் 'த'. அதையே நாக்கின் பின்பக்கத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்துத் தடிமனாகச் சொன்னால் அதுதான். முன்னால் உள்ள 'யா'வும் கூடவே சற்றுக் கனத்துவிடும். 'காத்து' என்பதில் வருகிற அழுத்தமான த் மட்டும் வேண்டாம்.

இனி பொருள். 'ரவ்ழா' என்பதன் பன்மை ரியாத். மதீனா பள்ளிவாசலில் உள்ள ரவ்ழாவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே சொல். அகராதியில் தோட்டம் என்று போட்டிருக்கும், அதைப் படித்துவிட்டு இந்தப் பொட்டல் காட்டில் என்ன தோட்டம் என்று சிரிக்கிறவர்கள் உண்டு. நஜ்தில் அந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் வேறு பொருள். மழை பெய்தால் சுற்றுப்புறத்துத் தண்ணீரெல்லாம் ஓடிவந்து தேங்குகிற தாழ்வான நிலம்தான் ரவ்ழா. ஊரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி ரவ்ழத் குரைம் என்று ஒன்று இருக்கிறது, நல்ல மழை பெய்த வருடம் அங்கே போனால் முள்மரத்தடியில் முழுக்கப் புல், பூ, குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து கஹ்வா (அரபிக் காபி) குடித்துக்கொண்டிருப்பார்கள். ரியாத் நகரமும் ஹனீஃபா ஓடையை ஒட்டி வளர்ந்ததுதான். முன்பு அந்த இடத்தில் இருந்த ஊரின் பெயர் ஹஜ்ர். 14ஆம் நூற்றாண்டில் அங்கே போன பயணி இப்னு பதூதா, ஓடையும் மரமுமாக இருக்கும் ஊர் என்று சொல்லியிருக்கிறார். ஹஜ்ர் சிதறிய பிறகு அங்கங்கே மிஞ்சிய தோட்டங்களுக்குத்தான் இந்தப் பன்மைப் பெயர் வந்தது என்பார்கள். 1902இல், பின்னாளில் சவூதி அரேபியாவை உருவாக்கிய மன்னர் அப்துல் அஜீஸ் ரியாத்தின் மஸ்மக் கோட்டையைப் பிடித்தபோது அது மண்சுவர் சூழ்ந்த சின்ன ஊர்.

நம்ம ஆட்கள் வெள்ளிக்கிழமை கூடுகிற, ரியாத்தின் கடைவீதிப் பகுதியான 'பத்தா'வும் இதே கதைதான். அது பத்ஹா, மணலும் கூழாங்கல்லுமாகக் கிடக்கும் ஓடைப் படுகை. பழைய ஓடைத் தடத்தின் மேல்தான் அந்தச் சாலையே போகிறது. 'ஹ'வைத் தொண்டையிலிருந்து எடுக்கவில்லையென்றாலும் டிரைவருக்குப் புரியும், அங்கே பாதிப்பேர் நம்மைப்போல வெளியூர்க்காரர்கள்.

கிழக்கு ரியாத்தில் வீடு பார்க்கப் போனால் மட்டும் கவனம். ரவ்ழா என்றொரு பகுதியும் ரப்வா என்றொரு பகுதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. முதலாவது பள்ளம், ரப்வா என்றால் மேடு. வாய்க்குள் முணுமுணுத்தால் டாக்சிக்காரர் ஒன்றுக்குப் பதில் மற்றதில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்.