ஹமாமின் சுவர்கள் - கடிதம்

அன்புள்ள ஐயா,

இஸ்தான்புல் போயிருந்தோம். ஹாகியா சோஃபியாவுக்கும் நீல மசூதிக்கும் நடுவே ஹுர்ரெம் சுல்தான் ஹமாம் என்ற துருக்கியப் பொதுக் குளியல் கூடம் இருக்கிறது. ஒட்டோமான் கட்டடக் கலைஞர் மிமார் சினான் கட்டியது என்றார் கைடு. குவிமாடம் வைத்த கிடங்கு மாதிரி நீளமாகக் கிடக்கிறது. நடுப்பகுதிச் சுவரில் ஜன்னலையே காணோம். சுலைமானியே மசூதியைக் கட்டிய மனிதர் இதை மட்டும் ஏனோதானோ என்று முடித்துவிட்டாரா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மசூதியைப் பார்த்த கண்ணோடு பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் எழுந்தவை. இந்த ஹமாம் 1556, சுலைமானியே முடிந்தது 1557. ஆனால் ஹமாமில் முதலில் காப்பாற்ற வேண்டியது சூட்டை. சுவரில் ஜன்னல் வைத்தால் அது அந்த வழியே போய்விடும். அதனால் வெளிச்சத்தை மேலிருந்து எடுத்தார்கள். குவிமாடம் முழுக்கச் சிறு துளைகள், ஒவ்வொன்றிலும் கண்ணாடி. நீராவிக்குள் வெயில் கம்பி கம்பியாக இறங்கும். குவிமாடத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. குளிர்ந்த ஆவி வளைவோடு வழிந்து சுவருக்குப் போய்விடும். தட்டைக் கூரையென்றால் குளிப்பவர் தலையில் சொட்டிக்கொண்டே இருக்கும்.

சூடு வரும் வழி கண்ணுக்குத் தெரியாது. உலையின் புகையும் அனலும் குட்டைத் தூண்கள்மேல் நிற்கும் தரைக்கு அடியில் பாய்ந்து, சுவருக்குள் பதித்த குழாய்கள் வழியே மேலேறும். ரோமானியர்களின் பழைய உத்திதான். ஆனால் ரோமானியர்கள் தொட்டிக்குள் இறங்கிக் குளித்தார்கள், இங்கே அது இல்லை. சுவரோரம் சிறிய பளிங்குத் தொட்டிகள், அடியில் வடிகால் துளை கிடையாது. மேலே குழாய் கொட்ட, கிண்ணத்தால் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். ஓடும் நீரே சுத்தம் என்ற எண்ணம்தான் காரணம்.

சரி, அந்த நீளம். எனக்கு மிகப் பிடித்ததே அதுதான். சுமார் 75 மீட்டர். ஆண்கள் பகுதியும் பெண்கள் பகுதியும் ஒரே கோட்டில், வாசல்கள் இரு கோடிகளில். உடை மாற்றும் கூடம், வெதுவெதுப்பான அறை, கடைசியில் சூடான அறை. இரண்டு சூடான அறைகளும் நடுவில் முதுகோடு முதுகாக ஒட்டி நிற்கின்றன. ஒரே கட்டடம், ஆனால் ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரைப் பார்க்கவே மாட்டார்கள்.

கிடங்கு என்றீர்களே, அதுவும் பொய்யில்லை. 1910இல் மூடியபின் சிறையாகவும் கிடங்காகவும், அப்புறம் கம்பளக் கடையாகவும் இருந்து, 2011இல்தான் மறுபடி ஹமாமானது. மறுபடி போனால் டிராம் பாதையோடு கொஞ்சம் நடந்து செம்பெர்லிதாஷ் ஹமாமையும் பாருங்கள். 1584இல் கட்டியது. அங்கே இரு பகுதிகளும் பக்கம் பக்கமாக இருக்கும்.