“மூவரில் இருவர்” விதியில் உங்கள் ஒப்பம் எங்கே இருக்கிறது?

கேள்வி: நாங்கள் வெல்லாவெளிப் பக்கத்து விவசாய அமைப்பு. பெரும்போக நெல்லைச் சம்மாந்துறை ஆலை ஒன்றுக்குக் கொடுக்கிறோம். இடையில் களஞ்சியம் நடத்தும் ஒருவரும் இருக்கிறார். எடை, ஈரப்பதன், மூட்டைக் கழிவு மூன்றையும் பிளொக்செயினில் பதியும் திட்டம் ஒன்று வந்திருக்கிறது. செய்து தருவது கொழும்புக் கொம்பனி. ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்று ஆவணத்தில் இருக்கிறது. “மூன்று தரப்பில் ஏதாவது இரண்டு ஒப்பமிட்டால்தான் பதிவு செல்லும், எவரும் தனியாக ஏமாற்ற முடியாது” என்கிறார்கள். எங்களை விட்டுவிட்டு மற்ற இருவரும் சேர்ந்து எடையை மாற்ற முடியுமா? — செயலாளர்

பதில்: முடியும். களவு வேலைகூடத் தேவையில்லை, நீங்கள் ஒப்புக்கொள்ளப் போகும் விதியே அதற்கு இடம் கொடுக்கிறது. ஆலைக்காரரும் களஞ்சியக்காரரும் மாமன் மச்சானாக இருந்தால் “ஏதாவது இரண்டு” என்பது நடைமுறையில் “ஒன்று” ஆகிவிடும். கொம்பனி சொன்னது பொய்யல்ல. தனியாக ஏமாற்ற முடியாதுதான். சேர்ந்து ஏமாற்றலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்பது, பல தரப்புகள் ஒரே கணக்கேட்டின் பிரதிகளை வைத்திருக்க உதவும் பிளொக்செயின் மென்பொருள். பிட்கொயின் போல யாரும் வந்து சேரும் வலையமைப்பு அல்ல இது. சான்றிதழ், அதாவது இன்னார் என்று காட்டும் இலத்திரனியல் அடையாளச் சீட்டு, பெற்ற தரப்புகள் மட்டுமே உள்ளே வரலாம். உள்ளே வந்த பிறகு எதற்கு யாருடைய ஒப்பம் வேண்டும் என்பதைக் கையொப்ப விதிகள் தீர்மானிக்கும். ‘அன்ட்’, ‘ஓர்’, ‘அவுட் ஒஃப்’ என்ற மூன்று சொற்களால் அவற்றை எழுதுவார்கள். உங்களுக்கு வேண்டிய விதி இது: விவசாய அமைப்பு கட்டாயம், அதோடு ஆலை அல்லது களஞ்சியம். ஒரு வரிதான். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் ஆளை மாற்றுங்கள்.

“பதிந்ததை அழிக்க முடியாது என்றார்களே” என்பீர்கள். அழிக்க முடியாதுதான். ஆனால் 4,120 கிலோ என்ற பதிவுக்கு மேல் 3,980 கிலோ என்று இன்னொன்று வந்து உட்காரலாம். பழையது சங்கிலிக்குள் பத்திரமாகக் கிடக்கும். காசு கணக்குப் பார்க்கும் திரை புதியதைக் காட்டும். உள்ளே கிடப்பதை எடுத்துப் பார்க்க உங்களிடம் சொந்தமாக ஒரு கணினி, அதாவது ‘பியர்’, இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பார்ப்பதற்கும் அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இனி, கொம்பனிக்காரர் சொல்லாமல் போகும் இடம். மேலே சொன்னது பதிவுக்கான விதி. அந்த விதியையே மாற்றுவதற்கு வேறொரு விதி இருக்கிறது. 2020 ஜனவரியில் வந்த 2.0 பதிப்பிலிருந்து, கணக்கு எழுதும் நிரலையும் அதற்கான ஒப்ப விதியையும் மாற்ற, வேறு எதையும் குறிப்பிடாவிட்டால் தரப்புகளில் பெரும்பான்மை இணங்க வேண்டும். மூன்று தரப்பில் பெரும்பான்மை எத்தனை? இரண்டு. அதாவது “விவசாய அமைப்பு கட்டாயம்” என்று இன்று எழுதிவிட்டு, அறுவடைக்கு முதல் வாரம் மற்ற இருவரும் சேர்ந்து அந்த வரியை எடுத்துவிடலாம். வலையமைப்பின் அமைவை மாற்றும் நிர்வாகிகள் விதியும் வழக்கமாகப் பெரும்பான்மைதான். அதே இரண்டு ஒப்பத்தோடு உங்கள் அமைப்பையே சனலிலிருந்து, அதாவது மூவரும் பகிரும் கணக்கேட்டு வலையிலிருந்து, நீக்கிவிடலாம், உங்கள் சம்மதம் கேட்கப்படாது. ஆகவே உங்கள் பெயர் மூன்று இடத்தில் கட்டாயமாக இருக்க வேண்டும்: பதிவு விதியில், நிரலை ஏற்கும் விதியில், நிர்வாகிகள் விதியில். முதலாவதை மட்டும் செய்து காட்டிவிட்டு உங்களிடம் தேநீர் குடித்துப் போகிறவர்கள்தான் அதிகம். இன்னும் 1.4 போன்ற பழைய பதிப்பைப் போடுகிறார்களா என்றும் கேளுங்கள். அதில் ஒரு தரப்பு தனியாகவே எல்லாருக்கும் ஒப்ப விதியைத் தீர்மானித்துவிடலாம்.

அடுத்தது, ஒப்பமிடுவது யார் என்பது. செயலாளர் எடைச்சீட்டைப் பார்த்துத் தலையாட்டி ஒப்பமிடுவார் என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். பதிவுக்கான ஒப்பத்தை இடுவது உங்கள் பியர், அதாவது இயந்திரம். நிரல் பிழையில்லாமல் ஓடினால் அது தானாக ஒப்பமிடும். ஆலைக்காரர் 3,980 என்று அனுப்பினால், “எண் இருக்கிறதா, இருக்கிறது” என்று உங்கள் இயந்திரமும் சேர்ந்து ஒப்பமிட்டுவிடும், நீங்கள் வட்டைக்குள் நிற்கும்போதே. எனவே நிரலை இரண்டு படியாக எழுதச் சொல்லுங்கள். ஆலை எடையை முன்மொழிய வேண்டும். செயலாளரின் சான்றிதழிலிருந்து “ஏற்கிறேன்” என்று வந்த பிறகே அது முடிந்த கணக்காக வேண்டும். மாற்றம் கேட்டாலும் அதே வழி. உங்கள் பியரின் ஒப்பம் கட்டாயம் என்ற விதி, இந்தச் சோதனையை உங்கள் இயந்திரமும் ஓட்டிப் பார்க்கிறது என்பதற்குத்தான் காவல். தராசு பொய் சொன்னாலோ ஈரமானி 14 வீதத்தைப் 17 என்று காட்டினாலோ அது கண்டுபிடிக்காது. தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது பழையபடி உங்கள் வேலை.

இவ்வளவும் சரியாக எழுதப்பட்டாலும், என்னைத் தூங்கவிடாத விசயம் வேறு. சாவிகள், அதாவது ஒப்பமிடப் பயன்படும் இரகசியக் கோப்புகள், யாரிடம்?

கோயில் களஞ்சிய அறைக்கு மூன்று பூட்டு, மூன்று வண்ணக்கரிடம் மூன்று திறப்பு என்று வைத்துவிட்டு, மூன்றையும் ஒரே கணக்கப்பிள்ளையின் மடியில் கட்டினால் எப்படியோ, பல திட்டங்கள் அப்படித்தான் நடக்கின்றன. கொம்பனி தன் சேர்வர் ஒன்றில் ஆலைக்கும் களஞ்சியத்துக்கும் உங்களுக்கும் சேர்த்துச் சான்றிதழ் வழங்கும் பீடங்களை நிறுவுகிறது. “உங்களுக்கு ஏன் தலையிடி, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்கிறது. திரையில் மூன்று ஒப்பம் தெரியும், மூன்றையும் இட்டது கொழும்பில் ஒரு லப்டொப். சான்றிதழ் பீடத்தை வைத்திருப்பவர் உங்கள் பெயரில் புதிய நிர்வாகிச் சான்றிதழ் ஒன்றையே எழுதிக்கொள்ளலாம். வலையமைப்புக்கு வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் அது ஆளைப் பார்ப்பதில்லை, சான்றிதழைப் பார்க்கிறது. இடைத்தரகர் நெல்லில் மட்டும்தான் இருப்பார் என்று யார் சொன்னது?

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் பதிவையும் ஒப்பத்தையும் ஏற்கிறது. அதனாலேயே கவனம் வேண்டும். உங்கள் பெயரில் விழுந்த ஒப்பத்தை “அது நாங்கள் இட்டதல்ல” என்று பிறகு நிறுவும் பாரம் உங்கள் தலையில் வந்து விழலாம்.

இதில் கொம்பனியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. திட்டம் எழுதும்போது ‘பிளொக்செயின்’ என்ற சொல்லுக்குப் பணம் வரும், கணினி வாங்கப் பணம் வரும், பெயர்ப்பலகைக்கும் திறப்பு விழாவுக்கும் வரும். சாவியை எப்படி வைத்துக்கொள்வது என்று செயலாளருக்கு இரண்டு நாள் சொல்லிக்கொடுக்க மட்டும் எந்தத் தலைப்பின் கீழும் பணம் இருக்காது. கைந்நூல் ஆங்கிலத்தில் இருக்கும். ஒப்படைப்புக் கடிதத்தில் மட்டும் தமிழில் ஒப்பம் வாங்குவார்கள்.

இப்போது நான் சொன்ன யோசனைக்கு எதிரான பக்கம். உங்கள் பெயரை எல்லா இடத்திலும் கட்டாயமாக்கினால், உங்கள் சாவி தொலைந்த நாளில் எல்லாம் நின்றுவிடும். இதை ஆலைக்காரர் முதலில் சொல்வார், அவர் சொல்வதில் உண்மையும் இருக்கிறது. அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மின்சாரம் போனாலோ இணையம் அறுந்தாலோ உங்கள் பியர் ஒப்பமிடாது, பதிவு காத்திருக்கும். அது பெரிய நட்டமில்லை. லொறியைத் துண்டுச் சீட்டோடு அனுப்பிவிட்டுப் பிறகு பதியலாம். இரண்டாவது பியர் ஒன்றைக் கல்லடியிலோ களுவாஞ்சிகுடியிலோ வேறொரு இணைப்பில் வைத்தால் அந்தச் சிக்கலும் குறையும். செயலாளரின் சாவி தொலைந்தாலும் பயமில்லை, உங்கள் சான்றிதழ் பீடம் உங்கள் கையில் இருந்தால் புதியது எழுதிக்கொள்ளலாம். ஆனால் பழைய சான்றிதழ் தானாகச் செத்துவிடாது. பதவி விலகிய செயலாளரின் சான்றிதழை பீடத்தில் இரத்துச் செய்தால் மட்டும் போதாது, இரத்துப் பட்டியலைச் சனலின் அமைவிலும் ஏற்ற வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு, போனவரின் சாவி மாதக்கணக்கில் வேலை செய்வது சாதாரணம். உண்மையான ஆபத்து பீடத்தின் மூலச் சாவி, அதாவது சான்றிதழ்களை எழுதப் பயன்படும் சாவி, போவதில் இருக்கிறது. அது போய், கையில் இருந்த நிர்வாகிச் சான்றிதழும் காலாவதியானால், உங்கள் ஒப்பம் கட்டாயமான எந்த விதியையும் எவராலும் மாற்ற முடியாது. சனலைப் புதிதாகத் தொடங்குவதுதான் வழி. காலாவதி தூரத்து விசயமும் அல்ல. ஃபேப்ரிக்கின் சான்றிதழ் பீடம், எவரும் மாற்றாவிட்டால், ஆட்களுக்குக் கொடுக்கும் சான்றிதழ் ஒரு வருடத்தில் முடிகிறது. திட்டக்காலமும் பெரும்பாலும் அந்த அளவில்தான் முடியும், கொம்பனிக்காரரின் கைத்தொலைபேசியும் அதோடு ஓய்ந்துவிடும். மூலச் சாவியை இணையத்தில் இல்லாத இரண்டு பென்டிரைவில் எடுத்து, ஒன்றைத் தலைவரிடமும் மற்றதை வங்கிப் பெட்டகத்திலும் வையுங்கள். கடவுச்சொல் பொருளாளரிடம் இருக்கட்டும். காலாவதித் திகதியைக் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் எழுதுங்கள். “மூவரும் கட்டாயம்” என்ற விதிக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். மற்ற இருவரின் கவனயீனத்துக்கும் அப்போது நீங்கள் பிணையாவீர்கள்.

ஒப்படைக்கும் நாளில் ஒரு சோதனை கேளுங்கள். உங்கள் பியரின் இணைய வயரைக் கழற்றிவிட்டு, ஆலை, களஞ்சியம் இரண்டின் ஒப்பத்தோடு மட்டும் ஒரு எடையை ஏற்கச் செய்யுமாறு சொல்லுங்கள். விதி சரியாக இருந்தால் அந்தப் பரிவர்த்தனை செல்லாது என்று விழும், கணக்கில் எண் மாறாது. அதே நிலையில் நிரலின் ஒப்ப விதியை மாற்றவும் முயலச் சொல்லுங்கள், அதுவும் விழ வேண்டும். பிறகு சாவிகள் இருக்கும் கணினியை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். இவை மூன்றும் முடியும்வரை கடைசித் தவணைக் காசோலையில் கையெழுத்துப் போட வேண்டாம்.