கார்ட்டிசால் குறைந்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: மனச்சிதைவு நோய்க்கு என் தம்பி ஓராண்டாக ஒலான்சபின் சாப்பிடுகிறான். பரிசோதனை நிலைய முகவர் பேச்சைக் கேட்டு ‘ஸ்ட்ரெஸ் ஹார்மோன் பேக்கேஜ்’ எடுத்தோம். அதில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் குறைவாம். மாத்திரை மூளையைக் கெடுத்துவிட்டது, நிறுத்திவிட்டு மூலிகைப் பொடி கொடுங்கள் என்கிறார்.

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். திடீரென விட்டால் தூக்கம் கெடும், நோய் திரும்பும். அப்போது முகவர் தொலைபேசியை எடுக்க மாட்டார்.

நீங்கள் அனுப்பிய அறிக்கையில் ரத்தம் எடுத்த நேரம் மாலை 4 மணி. கார்ட்டிசால் காலையில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவை நெருங்கும்போது அடிமட்டத்துக்கு வந்துவிடும். மாலை அளவைக் காலைக்குரிய எல்லையோடு ஒப்பிட்டுச் சிவப்பு எழுத்தில் ‘குறைவு’ என்று அடித்திருக்கிறார்கள். இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

மாத்திரைக்கும் இதற்கும் தொடர்பே இல்லையா? உண்டு. பதற்றம் வந்தால் மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி பிட்யூட்டரி சுரப்பியை உசுப்பும். அது சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியை உசுப்பும். அங்கிருந்து கார்ட்டிசால் சுரக்கும். ஒலான்சபின், குவெட்டியாபின் போன்ற மனநோய் மருந்துகள் இந்தத் தூண்டுதலைச் சற்றுத் தணிக்கின்றன. நோயில்லாதவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோதும் கார்ட்டிசால் இறங்கியது. மூளை கெட்டதற்கு இது அடையாளமே அல்ல. ஒலான்சபினில் கவலைப்பட வேண்டியது எடை, சர்க்கரை, கொழுப்பு. அந்தப் பரிசோதனைகள் மலிவு, கமிஷன் தேறாது. அதனால் முகவர் அவற்றைப் பற்றிப் பேச மாட்டார்.

முக்கியமான ஒரு விதிவிலக்கு. ஆஸ்துமா, மூட்டுவலி, தோல்நோய் என்று எதற்காவது தம்பி ஸ்டீராய்டு எடுத்தாரா? மாத்திரையும் ஊசியும் மட்டுமல்ல, நெடுநாள் பூசிய வீரியமான களிம்பும் கணக்கில் சேரும், இன்ஹேலரும் சேரும். ஸ்டீராய்டு கார்ட்டிசாலைப் போலவே வேலை செய்வதால், வெளியிலிருந்து கிடைக்கிறதே என்று அட்ரினல் தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். அப்போது கார்ட்டிசால் உண்மையிலேயே குறையும். கடும் காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த ஸ்டீராய்டையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. கொடுமை என்னவென்றால், ‘மூலிகை’ என்று விற்கும் பொடிகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து பலர் பிடிபட்டிருக்கிறார்கள். கார்ட்டிசாலைக் காப்பாற்ற வாங்கும் பொடியே அதை அடக்கிவிடலாம்.

வாந்தி, காரணமில்லாத எடைக்குறைவு, எழுந்தால் மயக்கம் இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். காலை 8 மணி ரத்தத்தில் மறுபரிசோதனை எழுதுவார். இவை இல்லையென்றால் அடுத்த முறை போகும்போது அறிக்கையைக் காட்டினால் போதும். அரசு மருத்துவமனை வரிசையில் அரைநாள் நின்றாலும் மருத்துவரிடம் இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது. எடுத்த மருந்துகள் அனைத்தையும், களிம்பு உட்பட, தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இடையில் சந்தேகம் வந்தால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416.