போனஸ் 4 லட்சம்: புது வாட்சா, பழைய வாட்சா?

கேள்வி: வயது 36. ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் மேலாளராக இருக்கிறேன். கைக்கு மாதம் 1,35,000 ரூபாய் வருகிறது, வீட்டுக்கடன் தவணை 42,000. இந்த வருட போனஸ் 4 லட்சம். ஒரு நல்ல சுவிஸ் வாட்ச் வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஷோரூமில் வட்டியில்லாத் தவணை என்கிறார்கள். நண்பரோ, "புதுசு வாங்கினால் காசு கரையும். 1960-களின் ஒமேகா ஒன்றைப் பிடி, விலை ஏறிக்கொண்டே போகும், அது முதலீடு" என்கிறார். எது சரி? அப்பாவின் ஃபேவர் லூபா, பழைய சுவிஸ் வாட்ச் ஒன்று, ஓடாமல் பீரோவில் கிடக்கிறது. அதை விற்று இதில் சேர்க்கலாமா?

பதில்: ஓசூரில் இருந்துகொண்டு சுவிஸ் வாட்ச் கேட்கிறீர்கள். பக்கத்து டைட்டன் வாட்ச் தொழிற்சாலைக்காரர்கள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பர் சொன்ன 'முதலீடு' என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுவோம். 2017-ல் நியூயார்க்கில் நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேடோனா 1.77 கோடி டாலருக்கு ஏலம் போனது. இந்த மாதிரிச் செய்திகள்தான் ஆசையைக் கிளப்புகின்றன. ஆனால் அந்த விலை பால் நியூமனின் மணிக்கட்டுக்குக் கொடுத்தது. 2021-ல் செகண்ட்ஹேண்ட் வாட்ச் சந்தையில் சில மாடல்களின் விலை தாறுமாறாக ஏறியது. 2022 தொடக்கத்தில் உச்சத்தில் வாங்கியவர்கள், அடுத்த சில மாதங்களிலேயே அது சரிவதைப் பார்த்தார்கள்.

வரிக் கணக்கிலும் சாதாரண வாட்ச் சொந்த உபயோகப் பொருள்தான். லாபத்துக்கு விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. நஷ்டத்துக்கு விற்றால் அதை வேறு லாபத்தில் கழிக்கவும் முடியாது. (தங்கம், வைரம் என்று போனால் அது நகைக் கணக்கில் வரலாம்.) ஆகவே இது செலவு. வாட்ச் பிடிக்கும் என்றால் செலவு செய்யலாம், தப்பில்லை.

பழைய வாட்சில் என் கை சுட்ட கதை ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் இணையத்தில் ஒருவரிடம் 38,000 ரூபாய்க்கு ஒரு சுவிஸ் வாட்ச் வாங்கினேன். படத்தில் டயல் பளிச்சென்று இருந்தது. அந்தப் பளிச்சிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ரிப்பேர்க்காரர் பின்மூடியைத் திறந்து, லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மெஷின் வேறு மாடலுடையது, டயல் மறுபடி பெயின்ட் அடித்தது, சாவி எங்கிருந்தோ வந்தது. மூன்று வாட்சுகளின் மிச்சம் ஒரே கூட்டுக்குள் குடியிருந்தது. நம் ஊர்ச் சந்தையில் இப்படி ஒட்டுப்போட்டவை ஏராளம். எச்எம்டியிலேயே, கம்பெனி ஒருபோதும் போடாத வண்ணங்களில் டயல்களைப் பார்க்கலாம்.

பழையதில் வேறு சங்கடங்களும் உண்டு. அந்தக் கால ரப்பர் வளையங்கள் காய்ந்துபோயிருக்கும், தண்ணீர் என்ன, மழைக்கால ஈரக்காற்றே உள்ளே போகும். 1960-களுக்கு முந்தைய டயல்களில் இருட்டில் ஒளிர கதிரியக்கமுள்ள ரேடியம் பூசினார்கள், அதைத் தெரியாதவர் திறந்து சுரண்டக் கூடாது. இவ்வளவுக்கும் மேலே, உதிரிபாகம் தெரிந்த, நேர்மையான ஒரு ரிப்பேர்க்காரர் வேண்டும். அவரைக் கண்டுபிடித்த பிறகு வாட்சைத் தேடுங்கள். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறோம்.

அதனால் முதல் வாட்சைப் புதிதாகவே வாங்குங்கள். ரோலெக்ஸ், டூடர், ஒமேகா போன்றவை இப்போது 5 வருட வாரண்டி தருகின்றன. ஆனால் 4 லட்சத்தையும் அதில் கொட்ட வேண்டாம். ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் போனஸ் முதலில் அங்கேதான் போக வேண்டும், வாட்ச் அடுத்த போனஸுக்குக் காத்திருக்கட்டும். இருக்கிறது என்றால் 2 லட்சத்தை எல்லையாக வைப்பேன். அதற்குள் லாஞ்ஜீன், டிஸோ இரண்டிலும் நல்ல ஆட்டோமேட்டிக் (கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறும் வாட்ச்) கிடைக்கும். இன்னொரு 30,000-ஐ வங்கியில் தனியே போட்டுவையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் போட வேண்டியிருக்கும். அந்த பில்லைப் பார்த்துவிட்டு வாட்சைப் பீரோவில் பூட்டியவர்களை எனக்குத் தெரியும்.

கடையில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதையே அடுத்த மாதம் கொண்டுவந்தால் நீங்கள் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?" நண்பரின் 'காசு கரையும்' பேச்சில் எவ்வளவு உண்மை என்று அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

தவணை வேண்டாம். வட்டியில்லாத் தவணையில் பெரும்பாலும் ஒரே தடவையில் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும், செயலாக்கக் கட்டணமும், வங்கி தன் கணக்கில் காட்டும் வட்டி மீதான ஜிஎஸ்டியும் வந்து ஒட்டிக்கொள்ளும். தள்ளுபடி கேட்டு, கார்டிலோ வங்கி வழியாகவோ ஒரே தடவையில் கட்டுங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கடைக்கு அனுமதியில்லை. 2 லட்சத்தைத் தாண்டும் பில்லுக்கு பான் எண் கேட்பார்கள். 10 லட்சத்துக்கு மேல் போனால் 2025 ஏப்ரலிலிருந்து 1 சதவீத டிசிஎஸ்ஸும் (கடைக்காரரே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) உண்டு, அது உங்கள் கவலை இல்லை. துபாயிலிருந்து உறவினர் கையில் கட்டிக்கொண்டு வரட்டும் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். வரம்பைத் தாண்டினால் சுங்கவரி கட்டித்தான் ஆக வேண்டும், அதைத் தவிர்க்க வாரண்டி அட்டையையும் பில்லையும் அங்கேயே விட்டுவந்தால் விற்கும்போது இடிக்கும்.

அப்புறம், அப்பாவின் ஃபேவர் லூபா. அதை விற்காதீர்கள். ஓடாத வாட்சுக்குக் கிடைக்கிற தொகை உங்கள் பட்ஜெட்டில் ஒரு மூலைக்குக்கூட வராது. நண்பர் வாங்கச் சொன்ன பழைய சுவிஸ் வாட்ச், யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்தே உங்கள் வீட்டில் இருக்கிறது. நல்ல ஆளிடம் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பல சமயம் எண்ணெய் காய்ந்திருப்பதுதான் கோளாறாக இருக்கும். கேஸை பாலிஷ் போடட்டுமா, டயலைப் புதுசாக்கட்டுமா என்று கேட்பார். இரண்டும் வேண்டாம், ஓடினால் போதும் என்று சொல்லிவிடுங்கள்.